ரோட்டுக்கு முந்நூறு குதிரை போதும்

கார் கார்பெட்டில் காபி கொட்டிவிட்டால் தேய்க்கக் கூடாது. நிறையப் பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். துணியை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், மேலே கொஞ்சம் சோடா மாவைத் தூவி விட்டுவிட வேண்டும், காய்ந்த பிறகு வேக்குவம் போட்டு உறிஞ்ச வேண்டும். கறை இருந்த இடமே தெரியாது. எங்கள் ஊர்க் கார் சங்கத்தில் என் கை படாத கார்பெட் கிடையாது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

மிச்சிகனில் எங்கள் பெல்டன் ஊரில் காரைத் துடைப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிப்பக்கம் ஆண்களுடையது. பானெட்டுக்கு உள்ளேயும் ஆண்களுடையது. பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு போல்ட்டையும் தேய்ப்பார்கள், கட்டின பெண்டாட்டியைக்கூட அவ்வளவு அருமையாகத் தொட்டதில்லை. ஆனால் உள்ளே கீழே, காலடியில் இருக்கிற கார்பெட் மட்டும் பெண்கள் வேலை. யார் பிரித்துக் கொடுத்தது என்று தெரியாது. எல்லா ஆண்களுக்கும் தொப்பை, எல்லாருக்கும் முழங்கால் வலி, குனிய முடியாது. அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவன் வண்டியின் ஓட்டுநர் சீட்டில் இன்னொருவன் உட்கார மாட்டான். உட்காரச் சொன்னாலும் மாட்டான். அது அவர்களுக்குள் ஒரு மரியாதை.

இந்த இரண்டு வழக்கமும் இல்லாவிட்டால் நான் செய்ததை யாராலும் செய்திருக்க முடியாது. அதனால் மொத்தப் பழியையும் என் தலையில் போடுவது சரியில்லை.

என் பெயர் ஆர்டிஸ். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் ஓட்டினவள். என் வீட்டுக்காரர் வெண்டல், கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர். குடி கிடையாது, சூது கிடையாது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழைய செவெல் கார் மட்டும் உண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் பர்கர் கடை வாசலுக்கு வண்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார்கள். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டினால் சின்னக் கல் தெறிக்கும், மழை பட்டால் துருப்பிடிக்கும். அதனால் பெரும்பாலும் வாயாலேயே ஓட்டுவார்கள். பேச்செல்லாம் இன்ஜினின் குதிரைத் திறன் பற்றித்தான்.

"உன்னுது இப்ப எவ்வளவு?"

"நானூத்தி அம்பது குதிரை," என்பார் வெண்டல்.

"சக்கரத்துலயா, இன்ஜின்லயா?"

"இன்ஜின்லதான்."

"ஓ. இன்ஜின்லயா."

இந்த "ஓ" இருக்கிறதே, அது பல குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது. இன்ஜினில் இருக்கிற குதிரை பூராவும் சக்கரத்துக்கு வந்து சேராது என்று அர்த்தம். அதைச் சொல்வதில் டெல்மரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டெல்மர்தான் சங்கத் தலைவர். பல் மருத்துவர் நோயாளியின் வாயைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிமிர்வாரே, அப்படி ஒரு "ஓ". அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் வெண்டலுக்குச் சாப்பாடு இறங்காது.

பெரிய இன்ஜின் வைத்த இந்த மஸில் காருக்கு ரோட்டில் ஓட உண்மையில் எத்தனை குதிரை வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் பஸ்ஸில் இருந்தது இருநூறு சொச்சம். அதில் ஒரு பள்ளிக்கூடமே ஏறும், பனியில் மேடு ஏறி வீடு வீடாக இறக்கிவிட்டு வருவேன். சரி, ஆம்பளைங்க ஆசைக்கு ஒரு நூறு கூடப் போடுவோம். முந்நூறில் பின்சக்கரம் புகை விடும், வயிறு ஒரு தடவை உள்ளே போய்விட்டு வெளியே வரும், தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் இருக்கிற குதிரை எல்லாம் பேச்சுக்குத்தான்.

பேச்சோடு நின்றிருந்தால் நானும் கார்பெட்டோடு நின்றிருப்பேன்.

ஒரு வருஷம் லூத்தரன் சர்ச் வாசலில் செர்ரி பை விற்பனை நடந்தது. நான் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டெல்மரும் அவர் மனைவி ஷர்லீனும் பை வாங்க வந்திருந்தார்கள். வெண்டல் தெருமுனையில் வண்டியைத் திருப்பியவர், டெல்மர் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு மிதி மிதித்தார். வண்டி முன்னால் போகவில்லை. பின்பக்கம் முன்னால் வந்தது. பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, பின்புறமாகவே சர்ச் புல்வெளியில் ஏறி, மேஜையின் ஒரு பாதியைக் கொண்டுபோய்விட்டு நின்றது. நான் இன்னொரு பாதியில் இருந்தேன். கை நீட்டினால் பின்விளக்கைத் தொடலாம். தொட்டேன். சூடாக இருந்தது.

வெண்டல் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. பின் கண்ணாடியெல்லாம் செர்ரி. என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், கடைசியாக டெல்மரைப் பார்த்தார்.

"டயர் பத்தல," என்றார்.

"எனக்கென்னவோ குதிரை பத்தலன்னு தோணுது," என்றார் டெல்மர். "நல்ல குதிரையா இருந்தா நேரா இழுத்துட்டுப் போயிருக்கும்."

வெண்டல் அதை யோசிப்பது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வண்டி வந்தபோது இல்லை, அவர் யோசித்தபோது. இந்த மனுஷனை நான் உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சொல்லிப் பயனில்லை என்று புரிந்துவிட்டது. நாற்பது வருஷமாகச் சொல்லித்தான் பார்த்திருக்கிறேன்.

பஸ் டெப்போவில் புது ஓட்டுநர்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஆக்ஸிலேட்டர் மிதிக்குக் கீழே ஒரு ரப்பர் கட்டையை வைத்துவிடுவார்கள். காலால் எவ்வளவு அழுத்தினாலும் மிதி பாதியோடு நின்றுவிடும். அதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் ரப்பர் கட்டைக்குப் பஞ்சமா என்ன, ஐஸ் ஹாக்கி ஆடுகிற கறுப்பு வட்டு இல்லாத வீடே இல்லை. ஒரு அங்குலம் கனம், கல் மாதிரி இருக்கும். செவெலின் கார்பெட்டைத் தூக்கி, மிதிக்கு நேர் கீழே ஒன்றை ஒட்டினேன். கார்பெட்டை மூடி மேலே கால்மிதியைப் போட்டேன். செர்ரிக் கறையையும் எடுத்துவிட்டேன்.

இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற கார்புரேட்டருக்கு அந்த வண்டியில் நாலு வாய். பாதிக்கு மேல் மிதித்தால்தான் பின்வாய் இரண்டும் திறக்கும். அன்றிலிருந்து அவை திறக்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கோடை எங்களுக்கு நல்ல கோடை. ஏரிப் பக்கம் போவோம், ஐஸ்கிரீம் சாப்பிடுவோம், ஜன்னலை இறக்கிவிட்டு மெதுவாகத் திரும்புவோம். வண்டி நேராகப் போனது. நான் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இலையுதிரும் நேரத்தில் அவர் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார்: "வண்டி கொஞ்சம் சோம்பேறியாயிடுச்சு, ஆர்டிஸ்."

"வயசாயிடுச்சில்ல," என்றேன்.

"வண்டிக்கா?"

நான் உருளைக்கிழங்கை அவர் பக்கம் தள்ளினேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் ஆண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டி மெதுவாகப் போனால் வேறு ஊர்க்காரன் எதாவது அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். எங்கள் ஆள் குனிய மாட்டான். இன்னும் பெரிய இன்ஜின் வாங்குவான்.

இன்ஜின் கட்டுகிறவர் கஸ். ஊருக்கு வெளியே பட்டறை. அவரிடம் ஒரு மெஷின் உண்டு. இன்ஜினை வண்டியிலிருந்து கழற்றித் தனியாக மாட்டி ஓட்டினால் குதிரைக் கணக்கைச் சொல்லும். வண்டியில் மாட்டிய பிறகும் கஸ் முன்னால் நின்று கையால்தான் கார்புரேட்டரைத் திறந்து பார்ப்பார். உள்ளே உட்கார்ந்து மிதித்துப் பார்க்க மாட்டார், அது வெண்டலின் சீட். புது இன்ஜின் மெஷினில் ஐந்நூற்று இருபது காட்டியது. வெண்டல் அந்த எண்ணை என்னிடம் சொன்னபோது குரல் தழுதழுத்தது. எங்கள் மகள் பிறந்தபோது எத்தனை பவுண்டு என்று சொன்ன அதே குரல்.

அந்த இன்ஜினுக்காக மீன்பிடிப் படகு போயிற்று.

புது இன்ஜினோடு வண்டி மறுபடி துள்ள ஆரம்பித்தது. நான் இன்னொரு வட்டை ரொட்டிக் கத்தியால் பாதியாக அறுத்து மேலே வைத்தேன். அவர் கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தார், பிறகு மறுபடி அந்த முகம். "இன்னும் கொஞ்சம் வேணும் ஆர்டிஸ். ஏதோ ஒண்ணு பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு." அடுத்த இன்ஜின் அறுநூற்று நாற்பது. அதற்கு, மான் வேட்டைக்குப் போய்த் தங்கும் காட்டு வீட்டில் அவருடைய பங்கு போயிற்று. அவர் அண்ணன் இன்றுவரை பேசுவதில்லை. வெண்டல் கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த வீட்டை நான் விற்கவில்லை, அவர்தான் விற்றார். நான் எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன்.

அறுநூற்று நாற்பது குதிரையில், என் கணக்குப்படி, ஏறக்குறைய முந்நூறு ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சரியாக எவ்வளவு தேவையோ அவ்வளவு.

இதற்கிடையில் ஷர்லீன் ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "எங்க வீட்டுக்காரரும் ஒருநாள் சர்ச் வாசல்ல போய் நிப்பாருடி. உன் ஆளு பரவாயில்ல, இப்பல்லாம் பொறுமையா ஓட்டுறாரு. என்னதான் சொல்லி வெச்சே?"

"பேசிப் புரிய வெச்சேன்," என்றேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஷர்லீனுக்கு வாயில் தண்ணீர்கூட நிற்காது. அதனால் சொல்லாமலே உதவி செய்வது என்று முடிவு செய்தேன். அந்த வருஷம் தீயணைப்பு நிலையத்தின் கூரைக்குப் பணம் திரட்ட, கார் கண்காட்சிக்கு முன்னால் சங்கத்து வண்டிகளின் உட்புறத்தை எல்லாம் பெண்களே சேர்ந்து சுத்தம் செய்து தருவதாக ஏற்பாடு. ஓட்டுநர் பக்கத்துத் தரையை நான் எடுத்துக்கொண்டேன். "எனக்கு முழங்கால் நல்லா இருக்கு, நீங்கல்லாம் கண்ணாடி துடைங்க," என்றேன். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

டெல்மர் வண்டிக்கு மட்டும் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் பக்கத்து வண்டிக்காரனுக்கும் பெண்டாட்டி உண்டு, அவளும் மனுஷிதானே. ஒருத்திக்குச் செய்து ஒருத்திக்குச் செய்யாமல் விடுவது எனக்குப் பிடிக்காது. சாயங்காலத்துக்குள் சங்கத்தின் எல்லா வண்டிக்கும் வட்டு வைத்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு கஸ் பட்டறையில் நிற்க இடமில்லை. ஒவ்வொருவனும் வந்து "எதோ பிடிச்சு இழுக்குது" என்கிறான். கஸ் நல்லவர், வருகிற மகாலட்சுமியை ஏன் வந்தாய் என்று கேட்கிற ஆள் இல்லை. ஃப்ளோரிடாவில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு வாங்கினார். டெல்மர் எழுநூறு போட்டார், நான் இன்னொரு வட்டு போட்டேன். ஷர்லீனின் பியானோ போயிற்று. அவள் மறுபடி என் சமையலறையில் வந்து அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பெரிய துண்டாக கேக் வெட்டிக் கொடுத்தேன்.

என்னிடம் ஒரு ஸ்டேஷன் வேகன் இருந்தது. பழுப்பு நிறம், பக்கவாட்டில் மரம் மாதிரி ஸ்டிக்கர். அதன் இன்ஜின் செத்துப்போனபோது வெண்டல்தான் சொன்னார்: "கொட்டாய்ல கிடக்குதே அந்த நானூத்தி அம்பது, அதைப் போட்டுக்கோ. கடைக்குப் போய்ட்டு வர உனக்கு அது போதும்." கஸ் மாட்டிக் கொடுத்தார். பிறகு ஐந்நூற்று இருபது சும்மா கிடந்தபோது, அதையும் நானே கேட்டு மாற்றிக்கொண்டேன். கிடந்து துருப்பிடிப்பதற்கு ஓடட்டுமே.

என் வண்டியில் வட்டு எதுவும் இல்லை. எனக்கு எதற்கு?

மருந்துக் கடைக்குப் போகிற வழியில் ஒரு சிக்னல் உண்டு. ஒருநாள் பக்கத்தில் டெல்மர் வந்து நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நானும் அசைத்தேன். பச்சை விழுந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோதுதான் அவர் கடை வாசலைத் தாண்டிப் போனார். இதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் மருந்து அடிக்கடி தீர்ந்துபோக ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமைகளில் இதைப் பற்றியும் பேசினார்கள். வேகனுக்குப் பின்பக்கம் கனம் ஜாஸ்தி, அதனால் பிடிமானம் கிடைக்கும் என்றார் ஒருவர். அந்த சிக்னலில் வலது பக்கம் ரோடு கொஞ்சம் இறக்கம் என்றார் டெல்மர். அடுத்த தடவை நான் இடது பக்கம் நின்றும் முந்தினேன். அன்று காற்று என் பக்கம் அடித்ததாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை மாவட்ட விமானத் தளத்தின் ஓடுபாதையில் சங்கத்துக்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஓட்டிப் பார்ப்பார்கள். போன வருஷம் கடைசிச் சுற்றில் வெண்டலும் டெல்மரும். வெண்டல் ஜெயித்தார். மூக்கு அளவு வித்தியாசம்தான், ஆனால் ஜெயித்தார். அந்த மனுஷன் வாழ்க்கையில் எதையும் ஜெயித்ததில்லை. தொழிற்சாலையில் மேஸ்திரி ஆக வேண்டியவர், ஆகவில்லை. சர்ச் குலுக்கலில் ஒரு கோழிகூட விழுந்ததில்லை. பரிசு, குரோம் பூசின ஒரு பிஸ்டன். அதைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். பிறகுதான் என்னை.

இந்தக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை விஷயம் உடைந்தது. டெல்மர் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுப் போய், முந்தின ராத்திரி மழையில் கார்பெட் ஊறிவிட்டது. ஷர்லீன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் அவரே குனிந்து கார்பெட்டைப் பிடுங்கியிருக்கிறார். பர்கர் கடை வாசலுக்கு அந்த வட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றல்ல, ஒட்டிப்போன ஒரு கொத்து. ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவரவர் வண்டிக் கதவைத் திறந்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள் எல்லாரும் முழங்காலிட்டுக் குனிந்திருந்ததைப் பார்த்தபோது, சர்ச்சில்கூட இவ்வளவு பக்தியைப் பார்த்ததில்லையே என்று எனக்குத் தோன்றியது.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஓட்டுநர் பக்கம் யார் எடுத்தது என்று அவர்களுக்குத்தான் நினைவிருக்குமே. நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நான்தான்," என்றேன்.

தீயணைப்பு நிலைய மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கூரை ஒழுகவில்லை, அது ஒரு திருப்தி. டெல்மர் முன்னால் உட்கார்ந்து விசாரித்தார்.

"ஏன் ஆர்டிஸ்? நாங்க உனக்கு என்ன கெடுதல் செஞ்சோம்?"

"ஒண்ணும் செய்யல. இனிமேயும் செஞ்சுடக் கூடாதுன்னுதான்."

"எழுநூறு குதிரை போட்டிருக்கேன். அதுல நாலு வருஷமா நான் ஓட்டுனது எவ்வளவு?"

"முந்நூறு இருக்கும். நல்லாத்தானே ஓட்டுனே. ஒரு கீறல் உண்டா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டெல்மர் மேஜையைத் தட்டினார். அப்போது வெண்டல் எழுந்து நின்றார். அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பாட்டைக் கொட்டகைக்கு எடுத்துப்போய் வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்," என்றார். "போன வருஷம் நான் ஜெயிச்சேனே. அன்னிக்கு எங்க ரெண்டு பேரு வண்டியிலயும் வட்டு ஒரே கனமா?"

அந்த பிஸ்டனைத் துடைக்கும்போது அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"ஒரே கனம்தான்," என்றேன். "உங்க சங்கத்துல நடந்த ஒரே நியாயமான போட்டி அதுதான். இன்ஜின் ஜெயிக்கல. கைதான் ஜெயிச்சுது. உங்க கை."

வெண்டல் உட்கார்ந்துவிட்டார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

டெல்மர் முகம்தான் தொங்கிப்போயிற்று. "அப்ப நான் நெஜமாவே தோத்தேனா?" என்று கேட்டார். ஏமாற்றப்பட்டிருந்தால் மனுஷனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாவம்தான். ஆனால் அந்த "ஓ" எல்லாம் என் காதில் இன்னும் இருக்கிறது.

என்னை மன்னித்தார்கள் என்று சொல்ல முடியாது. கார்பெட் வேலையிலிருந்து நீக்கினார்கள். எல்லா வட்டையும் பிடுங்கி ஒரு வாளியில் போட்டு என்னிடமே கொடுத்தார்கள்.

மறுநாள் காலை வெண்டல் செவெலை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அறுநூற்று நாற்பதும் முதல் தடவையாக நாலு வாயையும் திறந்தன. நெடுஞ்சாலைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது, பிறகு சத்தம் நின்றது. நான் பாத்திரத்தைக் கழுவாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். வெகுநேரம் கழித்து, பக்கத்து வீட்டு நாயே முந்திப் போகிற வேகத்தில், வண்டி வாசலுக்கு வந்தது. அவர் சமையலறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். பாதி சட்டையில் சிந்தியது.

"ஆர்டிஸ்."

"சொல்லுங்க."

"அந்த வாளிய எங்க வெச்சே?"

நான் சட்டையைத் துடைக்கத் துணி எடுத்தேன்.

"யாருக்கும் தெரிய வேணாம்," என்றார். "பெட்ரோல் மிச்சமாகும்னுதான் கேக்குறேன்."

மதியத்துக்குள் ஒட்டிவிட்டேன். அன்று சாயங்காலமே பின்வாசலில் இன்னொருவர். அவருக்கு டயர் தேய்கிறதாம். அடுத்தவருக்கு இடுப்பு வலி, டாக்டர் குலுங்கக் கூடாது என்றாராம். ஒவ்வொருவரும் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குச் சொல்லிவிடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். தான் ஒருவன்தான் கேட்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. கடைசியாக டெல்மர் வந்தார். அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. வாசற்படியில் நின்று காலால் மண்ணைக் கிளறினார்.

"ஷர்லீன் பக்கத்துல உக்காந்திருந்தா," என்றார் மெதுவாக. "கத்தினா. நான் அவளுக்கும் மேல கத்திட்டேன்."

"வண்டிக் கதவைத் திறந்து வெச்சுட்டு உள்ள போய்க் காபி குடி," என்றேன். "நான் பாத்துக்கறேன்."

ஆக, வாளி இப்போது காலி. ரோட்டில் எல்லாரும் பத்திரம். ஒவ்வொருவனும் வெள்ளிக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து, இப்போது நாலு வாயும் திறக்கிறது, என்னமாய்ப் பறக்கிறது என்று மற்றவனிடம் அளக்கிறான்.

நான் மண்டபத்தில் சொன்னது பற்றி உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஒரே கனம் இல்லை. போட்டிக்கு முந்தின நாள் டெல்மர் வண்டியில் ஒரு முழு வட்டு கூடுதலாக வைத்திருந்தேன், போட்டி முடிந்ததும் எடுத்துவிட்டேன். அதற்கே வெண்டல் மூக்கு அளவில்தான் ஜெயித்தார். அவர் கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓட்டுவது என்பது ஒரு தொழில், எல்லாருக்கும் வந்துவிடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி விமானத் தளத்தில் போட்டி. பட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வெண்டலுக்கு ராப்பகலாக அதே நினைப்பு. பயமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. டெல்மரை மறுபடி ஜெயித்துவிட்டால் போதும், அதற்கப்புறம் நிம்மதியாகச் செத்துப்போவேன் என்கிறார். சாவைப் பற்றி அவர் அப்படிச் சாதாரணமாகப் பேசுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஜெயித்துப் பழகிவிட்டால் இந்த ஆண்கள் நிறுத்த மாட்டார்கள். அடுத்த வருஷம் எண்ணூறு கேட்பார், அதற்கு வீட்டைத்தான் விற்க வேண்டும்.

அதனால் நேற்று கஸ் பட்டறைக்குப் போனேன். ஃப்ளோரிடா வீட்டுக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தவரைப் பிடித்து நிறுத்தி, மூலையில் எதற்கோ கட்டி வைத்திருந்த ஒரு எண்ணூற்று ஐம்பதை வேகனில் மாட்டச் சொன்னேன். போட்டிப் பட்டியலில் டெல்மரின் பெயருக்கு மேலே என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. இன்று விடியற்காலையில் நெடுஞ்சாலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கதவுப் பக்கத்து மர ஸ்டிக்கர் ஒன்று பிய்ந்து பறந்துபோயிற்று. நான் நிறுத்தவில்லை.

வெண்டலிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இப்போது கொட்டகையில் செவெலுக்கு மெழுகு போட்டுக்கொண்டு சீட்டியடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என் பின்விளக்கைப் பார்க்கும்போது முதலில் அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவது இடமும் மரியாதையான இடம்தான், அதில் அவர் ரொம்ப வருஷம் உயிரோடு இருக்கலாம். நான் இத்தனையும் செய்தது அவருக்காகத்தான்.